கிரீன் கார்டு வந்தபின் கல்யாணமா, கல்யாணம் ஆனபின் கிரீன் கார்டா?

காரைக்குடியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு 29 வயது. அமெரிக்காவில் டாலஸில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையோடு நிச்சயம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறார். வேலை வழியாக, ஈபி-1 என்ற முதல் முன்னுரிமைப் பிரிவில், நிரந்தரமாகத் தங்கும் உரிமையான கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து, கடைசிப் படியான ஐ-485 படிவத்தைப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. “கார்டு எந்த நேரமும் வரலாம், வந்ததும் தை மாதத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்வோம், அப்போதுதான் பெண்ணைக் கையோடு அழைத்துப் போகலாம் என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன்” என்கிறார்.

அம்மா, நல்ல வேளை, கேட்டீர்கள். சம்பந்தி வீட்டார் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு தலைகீழ். கார்டு வருவதற்கு முன்னால் கல்யாணம் நடந்தால்தான் உங்கள் மகள் சீக்கிரம் போக முடியும். கார்டு வந்தபின் நடந்தால், மணமாலை வாடுமுன் மாப்பிள்ளை விமானம் ஏறுவார், மகள் உங்கள் வீட்டிலேயே இருப்பாள். அது மாதக்கணக்கும் இல்லை, வருடக்கணக்கு.

காரணம் இதுதான். வேலை வழியாகக் கிரீன் கார்டு பெறுபவருக்கு, அது கிடைக்கும் நாளில் மனைவி இருந்தால், அவருடைய வரிசையிலேயே மனைவிக்கும் இடம் உண்டு. அவர் காத்த வருடங்கள் மனைவிக்கும் சேரும். கார்டு கிடைத்த மறுநாள் தாலி கட்டினாலும் அந்த இடம் கிடையாது. அப்போது மனைவி, ‘கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவி’ என்ற வேறொரு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அதற்கு எஃப்2ஏ என்று பெயர். கார்டின் முன்பக்கத்தில் ‘ரெசிடென்ட் சின்ஸ்’ என்று ஒரு தேதி அச்சாகியிருக்கும். கல்யாணத் தேதி அதற்கு முந்தியா, பிந்தியா? எல்லாம் அதில் அடங்கிவிடுகிறது.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். 2022ஆம் வருடம். திருநெல்வேலிப் பக்கம். ஆனியில் ஒரு முகூர்த்தம் இருந்தது. இவ்வளவு அவசரமாக எப்படி என்று தள்ளினார்கள். அடுத்தது ஆடி, அதில் யார் கல்யாணம் வைப்பார்கள்? ஆவணியில் நாள் குறித்தார்கள். ஆடி மூன்றாவது வாரம் மாப்பிள்ளையின் ஐ-485 பாஸாகிவிட்டது. வீடு முழுக்க இனிப்பு. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. ஆவணியில் ஜாம்ஜாமென்று கல்யாணம் முடிந்தது. செப்டம்பரில் பெண்ணின் அப்பா என் மேசையில் கார்டின் நகலையும் கல்யாணப் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு தேதிக்கும் இடையே 29 நாள்.

அந்த மாதமே மனைவிக்காக ஐ-130 மனு போட்டார்கள். அப்போது எஃப்2ஏ பிரிவில் காத்திருப்பே இல்லை. வருடத்துக்குள் முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். 2023 ஏப்ரலில் அந்த வரிசைக்குத் திடீரென்று தேதி வைத்தார்கள். 2020 செப்டம்பர் 8க்கு முன் மனு போட்டவர்களுக்குத்தான் விசா என்றார்கள். அந்தப் பெண்ணின் தேதி 2022 செப்டம்பர். அவர் முறை வர 2025 ஆகிவிட்டது. மூன்று வருடம் மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார். 29 நாளுக்காக மூன்று வருடம். அதனால்தான் இந்தக் கேள்வி வந்தால் நான் சாவகாசமாகப் பதில் சொல்வதில்லை.

சரி, முன்னதாகக் கல்யாணம் முடிந்தால் என்ன நடக்கும்? முதலில் மாப்பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள். இன்றைக்கும் எச்-1பியில் வேலை பார்க்கிறாரா, அல்லது ஐ-485 வழியாக வந்த ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டையில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாரா? எச்-1பியை விடாமல் வைத்திருந்தால் உங்கள் மகள் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், எச்-1பிகாரரின் மனைவிக்கான எச்-4 விசா எடுத்து அங்கே போகலாம். ஈஏடியில் மட்டும் இருந்தால் எச்-4 கிடையாது. பலர் இந்த வித்தியாசம் தெரியாமலே எச்-1பியைக் கைவிட்டுவிடுகிறார்கள். உங்கள் மாப்பிள்ளை கல்யாணம் முடியும்வரை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும்.

எச்-4இல் போனவுடன், மாப்பிள்ளையின் பிரயாரிட்டி டேட்டுக்கு, அதாவது அவர் வரிசையில் இடம் பிடித்த தேதிக்கு, முறை வந்திருந்தால், மகளும் தன் பெயரில் ஐ-485 போட்டுவிட வேண்டும். தாமதிக்கக் கூடாது. மருத்துவப் பரிசோதனை அறிக்கையை இப்போது அதோடு சேர்த்தே கொடுக்க வேண்டும், பிறகு தருகிறேன் என்று சொல்ல முடியாது. இதில் ஒரு முள் இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கார்டு வந்த நாளில் அவருடைய எச்-1பி முடிந்துவிடும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் எச்-4உம் அன்றோடு போய்விடும். மகளின் ஐ-485 அதற்கு முன்பே உள்ளே போயிருந்தால் பயமில்லை. போகாமல் இருந்தால் அன்றைக்கே வக்கீலைப் பிடிக்க வேண்டும்.

கல்யாணம் ஆகி, மகள் இங்கே இருக்கும்போதே மாப்பிள்ளைக்குக் கார்டு வந்துவிட்டால்? அப்போதும் வழி உண்டு. ‘ஃபாலோ டு ஜாயின்’ என்பார்கள். மாப்பிள்ளை ஐ-824 என்ற படிவத்தைப் போட்டால் கோப்பு இந்தியாவுக்கு வரும், மகள் நேர்காணலுக்குப் போய் குடியேற்ற விசாவோடு இறங்கலாம். புதிய வரிசை இல்லை, கணவரின் பழைய தேதியே செல்லும். ஆனால் அந்தத் தேதி விசா கொடுக்கும் மாதத்திலும் திறந்திருக்க வேண்டும். 2023 ஜூலையில் இந்தியர்களுக்கான ஈபி-1 தேதி 2022 பிப்ரவரியில் இருந்தது, ஆகஸ்டில் ஒரே அடியாக 2012 ஜனவரிக்கு இறங்கிவிட்டது. ஆகவே அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினைப் பார்க்கும் பழக்கம் உங்கள் வீட்டில் ஒருவருக்காவது வர வேண்டும். பஞ்சாங்கம் பார்ப்பதுபோல அதையும் பாருங்கள்.

மாப்பிள்ளையின் பயணத்தில் மிகுந்த கவனம் வேண்டும். ஐ-485 நிலுவையில் இருக்கும்போது ‘அட்வான்ஸ் பரோல்’ என்ற முன்கூட்டிய பயண அனுமதி இல்லாமல் அமெரிக்காவை விட்டுக் கிளம்பினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். எச்-1பியில் இருந்து, செல்லுபடியாகும் எச்-1பி விசாவோடு அதே வேலைக்குத் திரும்புபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் இங்கே ஸ்டாம்பிங் நேர்காணல் முடித்துத்தான் திரும்ப முடியும். அந்த நேர்காணலுக்குத் தேதி கிடைத்தபின் முகூர்த்தம் குறிப்பது நல்லது. பரோலில் உள்ளே போனால் மகளின் எச்-4க்கு இடைஞ்சல் வருமா என்பதையும் டிக்கெட் போடுமுன் மாப்பிள்ளை தன் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நிச்சயதார்த்தம் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் ஆகாது, எத்தனை தாம்பாளம் மாற்றினாலும் சரி. நிச்சயமான பெண்ணை அழைத்துப்போகும் கே-1 விசா அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். ஆகவே உங்கள் குடும்பத்துக்கு உதவாது.

“அப்படியானால் இப்போது சும்மா ரெஜிஸ்டர் பண்ணி வைத்துவிட்டு, பெரிய கல்யாணத்தைத் தையில் வைக்கலாமா?” என்று அடுத்துக் கேட்பீர்கள். ‘சும்மா’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். இருவரும் மனமொத்து, உண்மையாகவே கணவன் மனைவியாக வாழப்போகிறார்கள் என்றால், கோயிலில் எளிமையாகத் தாலி கட்டி, உடனே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். வரவேற்பைத் தையில் ஊரைக் கூட்டி நடத்துங்கள். முகூர்த்தத்தை முன்னுக்கு நகர்த்துவது தவறில்லை. ஆனால் விசாவுக்காக மட்டும் ஒரு காகிதக் கல்யாணம் என்று முடிவானால், அந்தப் பெண்ணுக்கு இனி எந்தக் குடியேற்ற மனுவும் வாழ்நாளில் பாஸாகாது. சிறைத் தண்டனையும் உண்டு. ஒரு வேளை கல்யாணம் பின்னால் நின்றுபோனால் மகளின் நிலை என்ன என்பதையும் பெற்றவராக யோசித்துக்கொள்ளுங்கள். அந்த முடிவு உங்கள் வீட்டுக்குரியது. மகளிடம் கேட்டுச் செய்யுங்கள். ஐ-485 நேர்காணலுக்குக் கூப்பிட்டால் மாப்பிள்ளை தனக்குக் கல்யாணமானதைச் சொல்லியே ஆக வேண்டும், மறைக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்ய வேண்டும். நீங்கள் அந்த வாரமே செய்துவிடுங்கள். சான்றிதழில் திருமணம் நடந்த தேதியும் பதிவு செய்த தேதியும் தனித்தனியாக இருக்கும். இரண்டும் கார்டின் தேதிக்கு முந்தியதாக இருந்தால் யாரும் கேள்வி எழுப்ப இடமில்லை.

மகளின் பாஸ்போர்ட்டையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். நம் வீடுகளில் முன்னெழுத்தோடு சரி, குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ‘சர்நேம்’ கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் அவள் பெயர் குடும்பப் பெயராகப் போய்விடும், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. ஒரு பெண் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போனபோது கவுண்டரில் அவரை ‘ஃப்னூ’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள், தன்னைத்தான் என்று தெரியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்பா பெயரையோ, விரும்பினால் கணவர் பெயரையோ சர்நேமில் போட்டுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு விசாவுக்கு விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்றிதழ், பட்டம், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கட்டும். தமிழில் இருக்கும் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

எவ்வளவு முயன்றும் கார்டு முந்திக்கொண்டால், கல்யாணம் முடிந்த மறுநாளே ஐ-130 போட்டுவிட வேண்டும், ஏனென்றால் வரிசையில் இடம் அன்றிலிருந்துதான். 2024 ஏப்ரல் கட்டண மாற்றப்படி இணையத்தில் 625 டாலர், தாளில் 675. பின்னால் விசாவுக்கு 325 டாலரும் மனைவியைப் பராமரிப்பதாகக் கணவர் தரும் ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலரும் தனி. கட்டுமுன் அந்தந்த மாதத்தின் கட்டணத்தைச் சரிபாருங்கள். மாப்பிள்ளை குடிமகனாக ஐந்து வருடம் ஆகும், ஆனபின் மனைவிக்கு வரிசை இல்லை. நடுவில் சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கேயே தங்கவைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதிகாரியிடம் பொய் சொன்னதாகப் பதிவானால் பிற்பாடு கிடைக்க வேண்டிய விசாவையும் அது கெடுக்கும்.

இன்று இரவே மாப்பிள்ளையிடம் பேசுங்கள். டாலஸில் அப்போது காலை நேரமாக இருக்கும். எச்-1பி இருக்கிறதா, பாஸ்போர்ட்டில் விசா எதுவரை, அட்வான்ஸ் பரோல் கையில் உண்டா, பிரயாரிட்டி டேட் என்ன என்று நான்கே கேள்வி. பெண்ணைக் கொடுப்பவர் இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பதிலை எழுதி அனுப்புங்கள். தைக்கு முன்னால் இருக்கும் முகூர்த்தங்களையும் சேர்த்து எழுதுங்கள், எது தோதுப்படும் என்று பார்ப்போம்.