கண்ணாடிக்குள் கடல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நுவரெலியாவில் ஒரு பழைய பங்களாவை விருந்தினர் விடுதியாக நடத்துகிறோம். முன் மண்டபத்தில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளமும் வளர்க்க ஆசை. பவுடர் புளூ டேங் இரண்டு, எம்பரர் ஏஞ்சல் ஒன்று, சிங்க மீன் ஒன்று, கோமாளி மீன் இரண்டு, பச்சைக் குரோமிஸ் பத்து, வண்ணத்துப்பூச்சி மீன் ஒரு சோடி, சுத்தம் செய்யும் இறால் நான்கு. இவை ஒற்றுமையாக இருக்குமா? — கே.ஆர்., நுவரெலியா

பதில்: பட்டியலைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது ஐயா, கோபிக்க வேண்டாம். கல்யாணத்துக்கு ஆள் கூப்பிடுவது போல எழுதியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் ஒரே அறையில் பத்து வருடம் குடியிருக்கப் போகிறவர்கள்.

மீனுக்கு முன்னால் தரையைப் பாருங்கள். உங்கள் அளவில் தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 680 லீற்றர். உப்புத் தண்ணீர் என்பதால் அதுவே 700 கிலோ. கல், மணல், கண்ணாடி, மேசை எல்லாம் சேர்ந்தால் ஒரு தொன் ஆகும். பழைய பங்களா என்றால் பலகைத் தரையாக இருக்கலாம். அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு மேசன் பாஸைக் கூப்பிட்டுக் காட்டாமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சரி, மீனுக்கு வருவோம். சிங்க மீனை முதலில் வெட்டுங்கள். அது சண்டைக்காரன் இல்லை, யாரையும் துரத்தாது. செட்டையை விரித்துக்கொண்டு மூலையில் சும்மா நிற்கும். காலையில் எண்ணிப் பார்த்தால் இறால் நான்கில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். வாய்க்குள் அடங்குவது எல்லாம் அதற்குச் சாப்பாடு. நான் நீர்கொழும்புப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கொட்டகையில் பதினொரு வருடம் மீன் பொதி கட்டினவன். ஒருநாள் அவசரத்தில் பையின் வாயைக் கட்டும்போது அதன் முள் என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. தோள்வரை கடுத்தது. அங்கே இருந்த வயதான பெண் ஒருவர், கை தாங்கும் அளவு சூடான தண்ணீரில் விரலை வைக்கச் சொன்னார். அரை மணித்தியாலத்தில் வலி பாதியாகக் குறைந்தது. அதற்கு அதுதான் முதலுதவி. பிறகு ஆஸ்பத்திரிக்கும் போகத்தான் வேண்டும். விடுதிக்கு வரும் பிள்ளைகள் தொட்டிக்குள் கையை விடுவார்கள், யோசித்துப் பாருங்கள்.

அடுத்து வண்ணத்துப்பூச்சி மீன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பல இனங்களுக்குப் பவளத்தின் சதைதான் உணவு. பவளம் உள்ள தொட்டியில் விட்டால் பவளம் போகும். பவளம் இல்லாத தொட்டியில் விட்டால் மீன் பட்டினியில் போகும். எம்பரர் ஏஞ்சல் கடையில் இருக்கும்போது விரல் நீளத்தில், கருநீலத்தில் வெள்ளை வளையம் வளையமாக இருக்கும். வளர்ந்தால் கோலமே மாறி மஞ்சள் கோடுகள் வரும், நீளமும் 40 சென்ரிமீற்றர் வரை போகும். பவளத்தைக் கொத்திப் பார்க்கும் பழக்கமும் உண்டு. சிலது கொத்தாது. உங்களுக்குக் கிடைப்பது எந்த ரகம் என்று வாங்கும்போது யாராலும் சொல்ல முடியாது. நான் என்றால் வாங்க மாட்டேன்.

பவுடர் புளூ இரண்டு வேண்டாம், ஒன்று போதும். இந்த ஆறடியில் இரண்டு விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். வால் அடியில் இரண்டு பக்கமும் சவர அலகு மாதிரி முள் வைத்திருக்கிறது, சும்மா அலங்காரத்துக்கு அல்ல. தன்னைப் போல உடம்பு உள்ள எதையும் அது எதிரியாகத்தான் பார்க்கும். பாசி தின்ன இன்னொரு மீன் வேண்டும் என்றால் ஒரா வகையில் ஒன்று வையுங்கள். யாழ்ப்பாணத்தார் குழம்பு வைக்கிற அதே ஒராவின் சொந்தக்காரன்தான், மஞ்சள் நிறத்தில் நரி மூஞ்சியோடு ஒன்று இருக்கிறது. உடம்பு வேறு மாதிரி என்பதால் டேங் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதன் முள்ளும் விஷம்தான், கையால் பிடிக்காதீர்கள்.

குரோமிஸ் பத்து என்கிறீர்கள். கடலில் நூறு நூறாகக் கூடித் திரியும். தொட்டியில் அந்தக் கூட்டம் உடைந்துவிடும். பெரியது சின்னதைத் துரத்தும், துரத்தப்பட்டது சாப்பிடாமல் ஒதுங்கும், ஒருநாள் காணாமல் போகும். பிறகு அடுத்தது. ஒரு வருடம் கழித்து இரண்டு மீன் இருக்கும். கூட்டம்தான் ஆசை என்றால், நம் நாட்டுக் கடலிலேயே இருக்கிற செம்மஞ்சள் அந்தியாஸ் ஒரு ஆணும் நான்கு பெண்ணுமாக விடுங்கள். ஆண் செத்தால் பெரிய பெண் ஆணாக மாறிக்கொள்ளும். ஒரே ஒரு தொல்லை, ஒரு நாளில் மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு போட வேண்டும். வீட்டில் இது கஷ்டம். விடுதியில் சமையலறை எப்போதும் ஓடுகிறதே, உங்களால் முடியும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். எந்த மீன் என்று எல்லோரும் கேட்கிறார்கள், எது முதலில் என்று யாரும் கேட்பதில்லை. தொட்டிக்குள் முதலில் போகிறவன் அத்தனை கல்லுக்கும் உறுதி எழுதிக்கொள்வான். என் முதல் தொட்டியில் இந்தப் பாடம் கிடைத்தது. ‘சாகாத மீன்’ என்று கடைக்காரர் கொடுத்த டொமினோ டாம்செல் மூன்றை முதலில் விட்டேன். காசு அளவுதான் இருக்கும், கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு. மூன்று மாதத்தில் அது இரண்டானது, பிறகு ஒன்றானது. அந்த ஒன்று புதிதாக விட்ட உளுவை மீன் (ஆங்கிலத்தில் கோபி) இரண்டையும் கண்ணாடி மூலையில் வைத்தே முடித்துவிட்டது. பிடிக்கலாம் என்று வலையை இறக்கினால் கல்லுக்குள் போய்விடும். கடைசியில் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, ஒரு துண்டு இறால் போட்டு அடியில் வைத்தேன். இரண்டு மணித்தியாலம் சுற்றிச் சுற்றி வந்தது. பசியா கோபமா தெரியாது, நுழைந்தது. வெளியே எடுத்தபோதும் போத்தலுக்குள் இருந்து என் விரலைக் கொத்தப் பார்த்தது.

ஆகவே பயந்தவர்கள் முதலில். உளுவை, இறால், அப்புறம் கோமாளி மீன், இரண்டு மூன்று வாரம் விட்டு அந்தியாஸ், அதன் பிறகு ஒரா. பவுடர் புளூ எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவும் தனித் தொட்டியில் ஒரு மாதம் இருந்த பிறகுதான். வெள்ளைப் புள்ளி நோயை வீட்டுக்குக் கொண்டு வருவதில் அதற்கு நிகர் வேறு மீன் இல்லை. பெரிய தொட்டிக்குள் அந்த நோய் வந்துவிட்டால் செம்பு மருந்து ஊற்ற முடியாது, இறாலும் பவளமும் செத்துவிடும். மீனை எல்லாம் வெளியே எடுத்து வேறு இடத்தில் வைத்தியம் பார்த்து, தொட்டியை இரண்டரை மாதம் மீன் இல்லாமல் விட வேண்டி வரும். வெறும் தொட்டியை விருந்தினருக்குக் காட்டி என்ன சொல்வீர்கள்?

கொழும்பில் இருந்து மீன் கொண்டுவரும்போது ஒரு விஷயம். நானுஓயா வரும்போது பிஸ்கட் பக்கற் உப்பிக்கொண்டு வருமே, மீன் பையும் அப்படித்தான் உப்பும். பொதி கட்டுகிறவரிடம் ‘மலைக்குப் போகிறது, காற்றைக் கொஞ்சம் குறைத்துக் கட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். நாங்கள் விமானத்துக்குக் கட்டும்போதும் முழுதாக ஊத மாட்டோம்.

கேள்வி: அண்ணே, கொழும்பில் எல்லோரும் தண்ணீரைக் குளிரவைக்க மெஷின் போடுகிறார்கள். அட்டனில் அது தேவையா? கரண்ட் போனால் என்ன செய்வது? — வாசகர், அட்டன்

பதில்: தம்பி, அந்த மெஷினுக்குக் கொடுக்கிற காசு நமக்கு மிச்சம். நமக்குத் தேவை ஹீட்டர். பவளத் தொட்டிக்கு 24 முதல் 26 பாகை போதும். நுவரெலியாவில் தை மாதம் புல்லில் உறைபனி விழும், அங்கே என்றால் ஆறடித் தொட்டிக்கு 500 வாட் இரண்டு போடச் சொல்வேன். அட்டனுக்கு 300 இரண்டு போதும். ஒரே பெரிய ஹீட்டர் வேண்டாம். அது அணையாமல் மாட்டிக்கொண்டால் மீன் குழம்புதான். இரண்டில் ஒன்று மாட்டினால் நீங்கள் கவனிக்க நேரம் கிடைக்கும்.

கரண்ட் போனால் முதலில் வரும் ஆபத்து குளிர் இல்லை, மூச்சு. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், அதனால் தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் குறையும். நுவரெலியா உயரத்தில் அது கடற்கரையை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரை விட ஏற்கெனவே குறைவு. அதனால்தான் மலைநாட்டில் மீனை நெருக்கி விடாதீர்கள், தண்ணீரின் மேல்பரப்பு எப்போதும் அலைந்துகொண்டிருக்கட்டும் என்று ஓயாமல் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது என் தொட்டியைக் காப்பாற்றியது பற்றரியில் ஓடும் இரண்டு எயார் பம்ப்தான். தொட்டியைச் சுற்றி வீட்டில் இருந்த கம்பளி எல்லாம் கட்டினேன். தண்ணீர் 25 பாகையில் இருந்து 22-க்குக் கீழே இறங்கவில்லை. எங்களுக்குத்தான் போர்த்த ஒன்றும் இல்லை. கரண்ட் இல்லாத நேரம் சாப்பாடு போடாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பீலித் தண்ணீர் அவ்வளவு தெளிவு. அதில் கறியுப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர் ஆகாதா? — வாசகி, மஸ்கெலியா

பதில்: ஆகாது அம்மா. பீலித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன்தான் நானும், அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பீலிக்கு மேலே இருப்பது தேயிலை மலை. உரம் போட்ட பிறகு மழை பெய்தால் அது தண்ணீரோடு இறங்கும், தொட்டியில் பாசி மண்டும். அதைவிடப் பெரிய பிரச்சினை செம்பு. 1946-இல் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் இந்த மலைகளுக்கு வந்ததில் இருந்து மழைக்காலத்தில் கொழுந்துக்குச் செம்பு மருந்து அடிப்பது வழக்கமாயிற்று. மனிதருக்குத் தெரியாத அளவு செம்பும் இறாலுக்கு எமன். மீன் நன்றாக நீந்தும், இறால் மட்டும் தோல் கழற்றும் நாளில் செத்துக் கிடக்கும், காரணமே விளங்காது. தண்ணீரில் கரைந்திருப்பதையும் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. வடிகட்டி போட்ட தண்ணீரில் உப்பைக் கலக்குங்கள்.

கறியுப்பு வெறும் உப்பு. கடலில் கல்சியம், மக்னீசியம் என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது, பவளம் அதை வைத்துத்தான் வீடு கட்டுகிறது. மீன் தொட்டிக்கென்று வரும் உப்பு லீற்றருக்கு 35 கிராம். ஆறடித் தொட்டிக்கு 24 கிலோ அளவு போகும். செலவுதான்.

கேள்வி: திருகோணமலைக்குச் சுற்றுலா போன மகன், அடுத்த முறை கடலில் இருந்து உயிருள்ள பவளம் உடைத்து வருவதாகச் சொல்கிறான். தொட்டியில் வளருமா? — வாசகர், பண்டாரவளை

பதில்: வளருவது இருக்கட்டும், மகன் முதலில் வீட்டுக்கு வர வேண்டும். கல் பவளத்துக்கு இந்நாட்டில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. திருகோணமலைக் கடலில் உள்ள புறாத்தீவு 2003-இல் இருந்து தேசியப் பூங்கா, அங்கே செத்த துண்டைக்கூடப் பையில் போடக் கூடாது. தொட்டியில் வளர்த்து வெட்டி விற்கும் மென்பவளத் துண்டு வாங்குங்கள். காளான் பவளமும் தோல் பவளமும் பழகுகிறவர் கையிலும் பிழைக்கும்.

கேள்வி: கோமாளி மீன் ஒரே அளவில் இரண்டு வாங்கினேன். ஓயாமல் சண்டை. — வாசகர், கம்பளை

பதில்: ஒரே அளவு, அதுதான் காரணம். அவற்றில் எல்லாமே ஆணாகத்தான் வளரும், பெரியது பிறகு பெண்ணாக மாறும். யார் பெரியவர் என்று முடிவாகும்வரை சண்டைதான். சிறியது உடம்பை நடுக்கிக் காட்டினால் அடங்கிவிட்டது என்று அர்த்தம். செட்டை கிழிந்தால் மட்டும் பிரியுங்கள். அடுத்த முறை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக எடுங்கள். நம் கடலில் பிடிக்கிற கிளார்க்கி இனம் என்றால் இன்னும் கோபம் அதிகம். கண்ணாடி துடைக்கும் என் கையை வாராவாரம் கடிக்கிறது ஒன்று.

கேள்வி: மாஸ்டர் ஒருவர் சொன்னதை நம்பி உளுவையும் துப்பாக்கி இறாலும் சேர்த்து வாங்கினேன். மூன்று வாரமாக இறாலைக் காணவில்லை. செத்துவிட்டதா? — வாசகி, தலவாக்கலை

பதில்: மாஸ்டர் சொன்னது நல்ல சோடிதான். இரவு வீடு அடங்கிய பிறகு தொட்டிப் பக்கம் காதை வைத்துப் பாருங்கள். ‘டக்’ என்று கண்ணாடி வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டால் இறால் இருக்கிறது. அதற்குக் கண் பார்வை குறைவு, ஆனால் தோண்டுவதில் சூரன். வளைக்குள் இருந்து மணலைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஒரு மீசையை உளுவையின் மேல் வைத்தபடியே இருக்கும். உளுவை வாசலில் காவல். ஆபத்து என்றால் வாலை மெல்ல உதறும், அடுத்த நொடி இரண்டும் உள்ளே. நான் வேலை முடிந்து வந்து தேத்தண்ணீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டு இருப்பது இதைத்தான், பவுடர் புளூவை அல்ல. தேடுகிறேன் என்று மணலைக் கிளறாதீர்கள், வளை இடிந்து இறால் மாட்டிக்கொள்ளும். தொட்டிக்கு மேலே வலை மூடி போட்டிருக்கிறீர்களா? எழுதவில்லையே. உளுவை குதிக்கும் அம்மா, இன்றைக்கே போடுங்கள்.