ஆற்றோரம் ஒரு கல்

அன்புள்ள அண்ணா,

2009 மண்சரிவில் இறந்தவர்களுக்கு எங்கள் ஊர் ஆற்றோரம் நினைவுக்கல் வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. "இருக்கிறவங்களுக்கே தடுப்புச் சுவர் இல்லை, செத்தவங்களுக்குக் கல் எதுக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், குன்னூர்

அன்புள்ள தம்பி,

தடுப்புச் சுவர் கட்டாயம் வேண்டும். கல்லும் வேண்டும்.

போன வருடம் சேரம்பாடி வழியாகக் கேரளத்தின் வயநாட்டில் இருக்கும் புத்துமலைக்குப் போனேன். 2019இல் அதுவே மண்சரிவில் சிக்கிய ஊர். 2024 ஜூலை 30 அதிகாலை பக்கத்து ஊர்களான முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை இடிந்து இறங்கியபோது, பல உடல்களைச் சாலியாறு நிலம்பூர் வரை இழுத்துப் போனது. யாரென்று தெரியாதவர்களைப் புத்துமலையில்தான் சர்வமதப் பிரார்த்தனையோடு புதைத்தார்கள். கல்லில் பெயருக்குப் பதில் மரபணுச் சோதனை எண். ஓர் அம்மா முந்தானையால் ஒரு கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். "யாரும்மா?" என்றேன். "தெரியலப்பா. எங்க பாடிப் பிள்ளையாக்கூட இருக்கலாம்" என்றார். பாடி என்றால் அங்கே எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடு. அந்த எண்ணையாவது தொட்டுத் துடைக்க அவருக்கு ஓர் இடம் இருக்கிறது.

நம் நீலகிரிப் பக்கம் என்ன இருக்கிறது? 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை இறங்கியது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. அந்தச் சில நாட்களில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். காலேஜ் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டேன், இரண்டுமே அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் மறுபடியும் மேட்டைச் செங்குத்தாக வெட்டுகிறோம், ஓடையை மூடி அதன்மேல் வீடு கட்டுகிறோம். மழைத்தண்ணீர் பழைய வழியைத் தேடித்தான் வரும்.

ஜப்பானில் அனெயோஷி என்று ஒரு சிற்றூர். 1933 சுனாமிக்குப் பிறகு, 'இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள்' என்று அங்கே மலைச்சரிவில் ஒரு கல் நட்டார்கள். ஊரார் அந்தச் சொல்லை மீறவில்லை. 2011இல் வந்த அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. வீடுகள் தப்பின. அதனால்தான் சொல்கிறேன், கல்லும் ஒரு தடுப்புச் சுவர்தான்.

ஆனால் பூங்கா மாதிரி அழகான இடமாகப் பார்த்து வைக்காதீர்கள். சேறு எதுவரை வந்ததோ அங்கே நடுங்கள். இறந்த ஒவ்வொருவர் பெயரும் வயதும் ஊரும் தெளிவாக இருக்கட்டும். திறந்து வைப்பவர் பெயர் வேண்டாம். அப்புறம், ஊர்க் கூட்டம் என்றைக்கு என்று எழுதுங்கள், நானும் வருகிறேன். வீடு வீடாகப் போய்ப் பெயர்களைக் கேட்டு எழுத ஆள் வேண்டுமே.

அன்புடன்,
அண்ணன்