கணவன் ஒன்று சொல்ல, மனைவி வேறு சொன்னால்

40 ஜோடிகளிடம் வீட்டுச் சண்டை பற்றித் தனித்தனியாகக் கேள்வித்தாள் கொடுத்தேன், மனைவி "அவர் வாயே திறப்பதில்லை" என்கிறார், கணவர் "இவள் விடாமல் நச்சரிக்கிறாள்" என்கிறார், யாருடைய பதிலை ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து சராசரி மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

அந்த முரண்தான் உங்கள் ஆய்வின் சரக்கே. 1967-லேயே உளவியலாளர் பால் வாட்ஸ்லாவிக்கும் சக ஆய்வாளர்களும் இதே காட்சியை உதாரணமாகக் காட்டினார்கள். அவர் ஒதுங்குவதால் நச்சரிக்கிறேன் என்பார் மனைவி. நீ நச்சரிப்பதால்தான் ஒதுங்குகிறேன் என்பார் கணவர். வட்டம் ஒன்றுதான், அது எங்கே தொடங்குகிறது என்பதில்தான் தகராறு.

அப்புறம், கேள்வித்தாளில் ஓர் ஓட்டை இருக்கலாம். "பொதுவாகச் சண்டை வந்தால்" என்று மட்டும் கேட்டீர்களா, மாற்றம் வேண்டும் என்று நிற்பது யார் என்றும் கேட்டீர்களா? உளவியலாளர்கள் கிறிஸ்டென்சனும் ஹெவியும் 1990-இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். மனைவி மாற்றம் கேட்ட பேச்சில் அவர் வற்புறுத்துவதும் கணவர் விலகுவதும் அதிகம். கணவர் மாற்றம் கேட்ட பேச்சில் அந்த ஆண்-பெண் வேறுபாடு காணாமல் போனது. இதை விட்டுவிட்டு "பெண்கள் நச்சரிப்பவர்கள்" என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் வசமாக மாட்டுவீர்கள். (அனுபவம்தான்.)

பகுப்பாய்வில் 80 தனி ஆட்கள் என்று போடாதீர்கள், ஜோடிதான் அலகு. உளவியலாளர் டேவிட் கென்னி முன்வைத்த ஏபிஐஎம் (APIM, Actor–Partner Interdependence Model) என்ற புள்ளியியல் மாதிரி இதற்கென்றே இருக்கிறது. ஒருவருடைய நடத்தை தன் திருப்தியையும் துணையின் திருப்தியையும் எவ்வளவு தொடுகிறது என்று தனித்தனியே காட்டும். 40 ஜோடி அதற்குக் கொஞ்சம் குறைவு, முடிந்தால் இன்னும் சேருங்கள்.