ஃப்ரேம்வொர்க்கில் பயமில்லை, கூடவே வரும் லைப்ரரிகளைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம். மருத்துவமனைகளுக்கான முன்பதிவு, பில்லிங் மென்பொருளை, சர்வர் பக்கத்துக்கு ஸ்பிரிங் பூட், திரைப் பக்கத்துக்கு ரியாக்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் ஃப்ரேம்வொர்க்குகளை வைத்து எழுதி வருகிறோம். சில மருத்துவமனைகளுக்கு மாத வாடகைக்கு எங்கள் சர்வரிலிருந்தே தருவோம். சிலருக்கு அவர்கள் சர்வரில் நிறுவித் தருவோம். ‘ஓப்பன் சோர்ஸ் எடுத்தால் உங்கள் சோர்ஸ் கோடையும் (நீங்கள் எழுதிய நிரலையும்) வெளியே கொடுக்க வேண்டும், ரியாக்டில் பேட்டன்ட் சிக்கலும் உண்டு’ என்கிறார் ஒரு மருத்துவமனையின் ஐடி மேலாளர். உண்மையா?

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டுக்கும் அது பொருந்தாது. ஸ்பிரிங் பூட் அப்பாச்சி 2.0 உரிமத்திலும் ரியாக்ட் எம்ஐடி உரிமத்திலும் வருகின்றன. இரண்டுமே விற்பனைக்கான மென்பொருளில் பயன்படுத்த அனுமதிப்பவை. உங்கள் சோர்ஸ் கோடை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

பேட்டன்ட் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2014 முதல் ரியாக்டின் உரிமத்தோடு ஃபேஸ்புக் ஒரு பேட்டன்ட் நிபந்தனையைச் சேர்த்திருந்தது. அந்த நிறுவனத்தின் மீது பேட்டன்ட் வழக்குப் போட்டால் ரியாக்டுக்கான பேட்டன்ட் அனுமதி பறிபோய்விடும் என்பது அதன் சாரம். 2017 ஜூலையில், ஓப்பன் சோர்ஸ் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் இந்த உரிமத்தை ஏற்க மறுத்தது. செப்டம்பரில் வேர்ட்பிரஸ் தரப்பும் ரியாக்டைக் கைவிடப்போவதாக அறிவித்தது. அந்த மாதமே ஃபேஸ்புக் இறங்கிவந்து, ரியாக்ட் 16-ஐ எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டது. அந்த ஐடி மேலாளர் சொல்வது அந்தக் காலத்துக் கதை. அவரிடம் இதை விளக்கிவிட்டு, இப்போதைய உரிமக் கோப்பையும் காட்டுங்கள்.

நான் கவலைப்படுவது வேறு இடத்தில்: கூடவே சேர்க்கும் லைப்ரரிகளில், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோடுகளில். மருத்துவமனை மென்பொருள் என்றால் ரசீதை பிடிஎஃப் ஆக்க வேண்டும். ஜாவாவில் எழுதுபவர்கள் தேடியதும் எடுப்பது ஐடெக்ஸ்ட். பழைய பதிப்புகள் தளர்வான உரிமத்தில் இருந்தன. 5-ஆம் பதிப்பிலிருந்து அது ஏஜிபிஎல், அதாவது சோர்ஸ் கோடைத் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின் இன்னும் கடுமையான வடிவம். இணையத்தில் இருக்கும் பழைய பயிற்சிக் கட்டுரைகளில் இந்த விவரம் இருக்காது, பாவம், பலரும் அதில்தான் மாட்டுகிறார்கள்.

ஜிபிஎல், ஏஜிபிஎல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு மிக முக்கியம், ஏனென்றால் நீங்கள் இரண்டு விதமாகவும் விற்கிறீர்கள். ஜிபிஎல் லைப்ரரி கலந்த மென்பொருளை இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் சோர்ஸ் கோடைத் தரும் கடமை வருகிறது. மருத்துவமனை சர்வரில் நிறுவித் தருவது அப்படிக் கொடுப்பதுதான். அப்போதும் சோர்ஸ் கோடை ஊருக்கெல்லாம் வெளியிட வேண்டியதில்லை, மென்பொருளைப் பெற்றவருக்குத் தந்தால் போதும். ஆனால் பெற்றவர் அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், நீங்கள் தடுக்க முடியாது. உங்கள் சர்வரிலேயே ஓட்டி வாடகைக்கு விட்டால் ஜிபிஎல் உங்களைத் தொடாது. அந்த இடைவெளியை அடைக்கவே 2007-இல் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. அந்த உரிமத்தில் உள்ள ஒன்றை மாற்றி, நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்த விட்டாலும் பயனருக்கு சோர்ஸ் கோடு கிடைக்கச் செய்ய வேண்டும். ஐடெக்ஸ்டை உங்கள் மென்பொருளோடு இணைத்தால் உங்கள் கோடும் இதில் அடங்கும், வேண்டாமென்றால் வணிக உரிமம் வாங்குங்கள் என்பதே ஐடெக்ஸ்ட் நிறுவனத்தின் நிலைப்பாடு. ரசீது அச்சிட மட்டும்தான் என்றால் அப்பாச்சி பிடிஎஃப்பாக்ஸே போதும். ஐடெக்ஸ்டின் பழைய பதிப்பிலிருந்து கிளைத்த ஓப்பன்பிடிஎஃப்பும் இருக்கிறது.

டேட்டாபேஸையும் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லுக்கான ஆரக்கிளின் ஜாவா கனெக்டர் (ஜாவா மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி) ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் உள்ளது. அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, ஆனால் அது மற்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களுக்கானது, உங்களுடையதைப் போன்ற மூடிய மென்பொருளுக்கு உதவாது. இன்னும் தொடக்கத்தில்தானே இருக்கிறீர்கள், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

அப்புறம், ரியாக்ட் பக்கம் பலரும் கவனிக்காத ஒன்று. சர்வர் உங்களுடையதாக இருந்தாலும், ஜாவாஸ்கிரிப்ட் பயனரின் பிரவுசருக்குப் போய்ச் சேர்கிறது. அதுவும் பிரதி கொடுப்பதுதான். எம்ஐடி கேட்பது ஒன்றே ஒன்று: காப்புரிமை (காப்பிரைட்) அறிவிப்பும் அனுமதி வாசகமும் பிரதிகளோடு இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒன்றாக்கும் வெப்பேக் கருவி, பில்ட் செய்யும்போது (மென்பொருளை வெளியிடத் தயாராக்கும்போது) லைசென்ஸ் என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் தனியே உருவாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். தேவையில்லாத குப்பை என்று அதை அழித்துவிடாதீர்கள். அப்பாச்சி உரிமம் உள்ளவற்றில் நோட்டீஸ் என்ற கோப்பு இருந்தால், நிறுவித் தரும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

பதிப்பு மாறும்போது உரிமமும் மாறலாம். வலைப்பக்கத்தில் உரை எழுத உதவும் டைனிஎம்சிஇ எடிட்டர் 6 எம்ஐடியில் இருந்தது, 2024-இல் வந்த 7 ஜிபிஎல்லுக்குப் போய்விட்டது. ஏற்கனவே எம்ஐடியில் எடுத்த பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாம், அந்த அனுமதி போகாது. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் புதிய பதிப்புக்கு மட்டும் வரத் தொடங்கினால் நெருக்கடிதான். அதனால் பெரிய பதிப்பு உயர்த்தும் ஒவ்வொரு முறையும் உரிமத்தை மறுபடி படியுங்கள். லைப்ரரிகளைச் சேர்க்க உதவும் மேவனிலும் (ஜாவாவுக்கு) என்பிஎம்மிலும் (ஜாவாஸ்கிரிப்டுக்கு) எல்லா லைப்ரரிகளின் உரிமங்களையும் பட்டியலிடும் கருவிகள் உண்டு. அதை பில்டிலேயே சேர்த்து, ஏஜிபிஎல்லோ உரிமமே இல்லாத ஒன்றோ உள்ளே வந்தால் பில்ட் நிற்கும்படி செய்துவிடுங்கள். கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்து கிடக்கிறது என்பதால் மட்டும் அது உங்களுக்கானது ஆகிவிடாது. உரிமம் குறிப்பிடாத கோடுக்கு முழு காப்புரிமை உண்டு. நம் நாட்டு 1957 காப்புரிமைச் சட்டமும் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கணக்கிடுகிறது.

கடைசியாக ஒப்பந்தம். ‘மென்பொருளின் எல்லா உரிமையும் மருத்துவமனைக்கே’ என்ற வரி வந்தால் அப்படியே கையெழுத்திடாதீர்கள். ஸ்பிரிங்கும் ரியாக்டும் உங்களுடையவை அல்ல, அவற்றை நீங்கள் எழுதிக்கொடுக்க முடியாது. நீங்கள் எழுதிய பகுதி தனி, மூன்றாம் தரப்பு லைப்ரரிகள் அவரவர் உரிமப்படி என்று பிரித்து எழுதி, கருவி தந்த பட்டியலை இணைப்பாக வையுங்கள். ஐடி மேலாளரிடமும் அதே பட்டியலைக் கொடுங்கள். ஒப்பந்த வாசகத்தை மட்டும் ஒரு வழக்கறிஞர் பார்த்துவிடட்டும்.