கோழிக்கு 5 மணி நேரம், பாஸ்தாவுக்கு 20 நிமிடம்: ஸ்லோ குக்கர் கேள்வி-பதில்

குளிர் தொடங்கியதும் ஸ்லோ குக்கர் (மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கிற மின்சாரப் பாத்திரம்) பற்றிய கேள்விகள் வரிசை கட்டிவிடுகின்றன. இந்த முறை பாதிக்கு மேல் கோழியும் பாஸ்தாவும் சேர்ந்த இரவுச் சாப்பாடு பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

டாலஸிலிருந்து ஒரு வாசகி: காலை எட்டு மணிக்குக் கோழி, தக்காளி, பாஸ்தா எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ‘லோ’வில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். மாலையில் திறந்தால் கோழி நன்றாக இருக்கிறது. பாஸ்தா மட்டும் களி மாதிரி வருகிறது. எந்தக் கம்பெனி பாஸ்தா வாங்கினால் சரியாகும்?

கம்பெனியை மாற்றிப் பயனில்லை, போடும் நேரத்தை மாற்றுங்கள். கோழித் தொடைக்கு நேரம் வேண்டும், பாஸ்தாவுக்குக் கொதி வேண்டும். பென்னே என்கிற குழல் பாஸ்தா கொதிக்கிற தண்ணீரில் பதினோரு, பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடுகிற சரக்கு. அதை ஒன்பது மணி நேரம் உள்ளே அடைத்து வைத்தால் என்ன ஆகும்?

பாஸ்தாவில் மாவுச்சத்தைப் பிடித்து வைத்திருப்பது கோதுமையின் குளூட்டன் என்ற புரதம். தளதளவென்று கொதிக்கிற நீரில் போட்டதும் அந்தப் புரதம் இறுகிவிடும், மாவுச்சத்து உள்ளுக்குள்ளேயே நீரை உறிஞ்சி வேகும். அதனால்தான் கடித்தால் ஒரு பிடிப்பு இருக்கிறது. ‘லோ’வில் வைத்த குக்கர் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அந்த நேரம் முழுக்கப் பாஸ்தா வேகவில்லை, ஊறுகிறது. பிறகு சூடு ஏறும்போது ஏற்கெனவே ஊறித் தளர்ந்தது குழைந்து, மாவு சாஸில் இறங்கிவிடுகிறது.

வழி இரண்டு. பாஸ்தாவைத் தனியாக வேகவைத்துக் கடைசியில் கலக்கலாம். அல்லது கோழி வெந்த பிறகு குக்கரை ‘ஹை’க்கு மாற்றி, கடைசி 20 முதல் 30 நிமிடத்துக்கு மட்டும் உள்ளே போடலாம். இன்னொரு பாத்திரம் கழுவச் சலித்தால் இரண்டாவது வழி. வீட்டில் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுவார்கள் என்றால் முதல் வழிதான் சரி. சாஸை மட்டும் சூடாக வைத்திருந்து, வருகிறவர்களுக்கு அப்போதைக்கப்போது பாஸ்தா வேகவைத்துக் கொள்ளலாம்.

பாக்கெட்டில் ஒன்றை மட்டும் பாருங்கள். துரம் என்கிற கடினமான கோதுமையின் ரவையில் செய்ததா என்று. மைதாவில் செய்தது அடுப்பிலேயே குழையும். வடிவத்தில் பென்னே, ரிகட்டோனி, ஃபுசில்லி போன்ற குட்டையான, தடித்த வகைகள் தாக்குப்பிடிக்கும். ஸ்பாகெட்டியைக் குக்கரில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

டொரன்டோ வாசகி: அக்கா, நான் ஸ்லோ குக்கர் இப்பதான் வாங்கினேன். நாலு பேருக்கு ஒரு சுலபமான செய்முறை சொல்லுங்கோ.

எலும்பில்லாத, தோலெடுத்த கோழித் தொடை 750 கிராம். பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு ஆறு பல், 400 கிராம் தக்காளி டின் ஒன்று, டொமேட்டோ பேஸ்ட் இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த ஒரேகானோ ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு. பாஸ்தா 250 கிராம்.

முதலில் வாணலியில் எண்ணெய் விட்டு, ஈரம் துடைத்த கோழித் துண்டுகளை இரண்டு பக்கமும் பொன்னிறமாக வாட்டி எடுங்கள். உள்ளே வேக வேண்டாம், மேலே நிறம் வந்தால் போதும். அதே வாணலியில் வெங்காயத்தையும் பூண்டையும் வதக்குங்கள். டொமேட்டோ பேஸ்ட்டைப் போட்டு, அது செங்கல் நிறத்துக்கு மாறி எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை கிளறுங்கள். தக்காளி டின்னை ஊற்றி, அடியில் ஒட்டியிருப்பதை எல்லாம் மரக் கரண்டியால் சுரண்டிக் கலந்து குக்கருக்கு மாற்றுங்கள். மேலே கோழி, ஒரேகானோ, மிளகு, உப்பு. மூடி, ‘லோ’வில் ஏறக்குறைய 5 மணி நேரம், அல்லது ‘ஹை’யில் இரண்டரை முதல் 3 மணி நேரம்.

“வாட்டுவதும் வதக்குவதும் எதற்கு, அப்படியே கொட்டக்கூடாதா” என்று கேட்பீர்கள். கொட்டலாம், ஆபத்து ஒன்றும் இல்லை, ருசிதான் குறையும். ஸ்லோ குக்கருக்குள் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கோழி சிவந்து அந்த மணம் வர 140 டிகிரியாவது வேண்டும். வெங்காயத்தின் கதை இன்னும் மோசம். பச்சையாகப் போட்டால், தக்காளிப் புளிப்பில் அது மணிக்கணக்கில் வெந்தாலும் நறுக் நறுக்கென்றே இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கோழி வெந்ததும் இரண்டு முள்கரண்டியால் பெரிய பெரிய துண்டுகளாகப் பிரித்துவிடுங்கள். பாஸ்தாவைக் குக்கரிலேயே வேகவைப்பதாக இருந்தால் ‘ஹை’க்கு மாற்றி, ஒன்றரை கப் கொதிக்கிற வெந்நீர் ஊற்றி, பாஸ்தா முழுக்க அமிழ்கிற மாதிரி அழுத்தி மூடுங்கள். தண்ணீர் கொதித்திருக்க வேண்டும் என்பது முக்கியம், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மறுபடி ஊறல் கதைதான். 15 நிமிடத்தில் ஒரு முறை கிளறி, அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் துளி வெள்ளை தெரியும்போதே குக்கரை அணைத்துவிடலாம், பரிமாறுவதற்குள் அதுவும் வெந்துவிடும்.

தனியாக வேகவைத்தால் உப்புப் போட்ட நிறையத் தண்ணீரில், பாக்கெட்டில் போட்டிருப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். வடித்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டால் சாஸ் இறுகினால் உதவும்.

லண்டன் ஹாரோ வாசகர்: ஃப்ரீசரில் இருந்து எடுத்த கோழியை அப்படியே ஸ்லோ குக்கரில் போடலாமா? எப்படியும் பல மணி நேரம் வேகத்தானே போகிறது?

கூடாது. அமெரிக்க வேளாண்மைத் துறையும் இதைத்தான் சொல்கிறது: இறைச்சியை முழுக்க உறைநீக்கிவிட்டுத்தான் ஸ்லோ குக்கரில் போட வேண்டும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அடுப்பு அந்த இடைவெளியைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும். ஸ்லோ குக்கர் மெதுவாகத்தான் ஏறும், உள்ளே பனிக்கட்டியும் இருந்தால் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். முந்தைய இரவே கோழியை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு சமையல் தெர்மாமீட்டரும் வாங்கி வையுங்கள், துண்டின் நடுவில் 74 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது நம்பகமில்லை.

இதே காரணத்தால், டைமர் வைத்து “நான்கு மணி நேரம் கழித்து தானாகத் தொடங்கு” என்று பச்சைக் கோழியை உள்ளே உட்கார வைப்பதும் வேண்டாம்.

சிங்கப்பூர் வாசகி: கொழுப்பு குறைவு என்று நெஞ்சுப் பகுதிதான் வாங்குகிறேன். வெந்ததும் வறண்டு, நார் நாராக, தொண்டையில் அடைக்கிறது.

நெஞ்சுப் பகுதியில் கொழுப்பும் குறைவு, ஜவ்வும் குறைவு. தொடையில் இருக்கிற ஜவ்வு மெதுவாக வேகும்போது உருகிக் கூழ்ம நிலைக்கு வந்து இறைச்சியை ஈரமாக வைத்திருக்கிறது. நெஞ்சில் உருக ஒன்றுமில்லை, 74 டிகிரியைத் தாண்டி எவ்வளவு நேரம் வைக்கிறீர்களோ அவ்வளவுக்கு நீர் வெளியேறுகிறது. சுற்றிலும் சாஸ் இருந்தும் வறள்வது அதனால்தான். நெஞ்சுதான் வேண்டும் என்றால் துண்டு போடாமல் முழுதாக வையுங்கள், ‘லோ’வில் இரண்டரை மணி நேரத்திலேயே சோதிக்க ஆரம்பியுங்கள். அலுவலகம் போய்விட்டு வருகிறவர்களுக்கு இது ஒத்துவராது. தொடை வாங்கித் தோலை எடுத்துவிடுங்கள், கொழுப்பில் பெரும்பகுதி தோலோடு போய்விடும்.

இன்னொரு வாசகர்: ‘லோ’வுக்கும் ‘ஹை’க்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்?

பலரும் நினைக்கிற அளவுக்கு இல்லை. பெரும்பாலான குக்கர்களில் இரண்டும் கடைசியில் போய்ச் சேருவது கொதிநிலையை ஒட்டிய ஒரே இடத்துக்குத்தான். ‘ஹை’ அங்கே சீக்கிரம் போகும், ‘லோ’ நிதானமாகப் போகும். ‘வார்ம்’ மட்டும் வேறு. அது வெந்ததைச் சூடாக வைத்திருப்பதற்கு, வேகவைப்பதற்கு இல்லை. இன்னொன்று: நடுநடுவே மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். ஒவ்வொரு முறையும் சூடு இறங்கி, 20 நிமிடமாவது கூடும்.

நியூஜெர்சி வாசகி: கிரீம் சேர்த்த கோழி பாஸ்தா செய்யப் பார்த்தேன். பால் திரிந்து, சாஸ் தண்ணியாகவும் திப்பி திப்பியாகவும் ஆகிவிட்டது.

பாலைக் காலையிலேயே ஊற்றியிருப்பீர்கள். தக்காளியின் புளிப்பும் நீண்ட நேரச் சூடும் சேர்ந்தால் பால் திரியாமல் என்ன செய்யும்! பால் பொருள் எதுவானாலும் கடைசி 15 நிமிடத்துக்கு முன் உள்ளே போகக் கூடாது. மெலிந்த பாலைவிடக் கொழுப்பு நிறைந்த கிரீம் திரியாமல் நிற்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றாமல், ஒரு கிண்ணத்தில் கிரீமோடு இரண்டு கரண்டி சூடான சாஸைக் கலந்து, பிறகு குக்கரில் சேருங்கள். கிரீம் சீஸ் என்றால் அறைச்சூட்டுக்கு வந்த பிறகு சிறு துண்டுகளாக. பார்மெசான் சீஸைக் குக்கரை அணைத்த பின்தான் தூவ வேண்டும்.

தண்ணியாக ஆனதற்குக் காரணம் வேறு. ஸ்லோ குக்கரில் ஆவி வெளியே போவதில்லை, மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டுகிறது. கோழியும் நீர் விடும். அடுப்புச் செய்முறையை இதற்கு மாற்றும்போது தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். ஏற்கெனவே தண்ணியாகிவிட்டால் ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, ‘ஹை’யில் 15 நிமிடம் திறந்து வையுங்கள்.

மெல்பர்ன் வாசகி: இத்தாலிய மணம் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. நம் மசாலா போடலாமா?

தாராளமாக. ஆனால் மிளகாய்த்தூள், மல்லித்தூளை நேராகக் குக்கரில் போட்டால் எத்தனை மணி நேரம் ஆனாலும் பச்சை வாசனை போகாது. வெங்காயம் வதக்கும்போதே எண்ணெயில் போட்டுவிடுங்கள். பட்டை, கிராம்பு பாதி அளவு போதும், நீண்ட நேரத்தில் அவற்றின் காரம் ஏறிக்கொண்டே போகும். கறிவேப்பிலைக்கு நேர் எதிர். காலையில் போட்டால் மாலையில் வாசனை இருக்காது, சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்துக் கடைசியில் கொட்டுங்கள். மிளகு கொஞ்சம் தூக்கலாக, தேங்காய்ப்பால் கடைசியில் சேர்த்துச் செய்தால் பென்னேக்கு நன்றாகவே பொருந்தும். சாம்பார் பொடி போட்ட பாஸ்தாவை மட்டும் என்னிடம் சிபாரிசு கேட்காதீர்கள்.

டாலஸிலிருந்தே இன்னொருவர்: புரதம் கூடட்டும் என்று காய்ந்த ராஜ்மாவையும் கோழியோடு சேர்த்துப் போடலாமா?

இதற்கு மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: காய்ந்த ராஜ்மாவை அப்படியே ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். அதில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அழியும். அரைகுறைச் சூட்டில் கிடந்தால் அதன் தீவிரம் வேகவே வைக்காத ராஜ்மாவில் இருப்பதைவிடக் கூடவும் செய்யும். நாலைந்து பயறு போதும், சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் 30 நிமிடம் கொதிக்கவிட்டுப் பிறகு சேருங்கள். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, கழுவிவிட்டுப் போடலாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குக்கரே பயறு வேகவைக்கப் பிறந்ததுதான். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-இல் காப்புரிமை பெற்ற சாதனம் ‘நாக்ஸன் பீனரி’ என்ற பெயரில் விற்றது. லித்துவேனியாவில் யூதர்கள் சபாத் என்கிற வாராந்திர ஓய்வு நாளுக்காக ரொட்டிக் கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவு முழுக்க வைத்துச் சமைத்த ‘சோலன்ட்’ என்ற பயறுக் குழம்பைப் பற்றித் தன் அம்மா சொன்னதுதான் அவருக்குப் பொறி. ரைவல் கம்பெனி அதை வாங்கி 1971-இல் ‘கிராக்-பாட்’ என்று மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது.

சென்னை வாசகர்: மகள் அமெரிக்காவிலிருந்து ஸ்லோ குக்கர் கொண்டுவந்திருக்கிறாள். பிளக் அடாப்டர் போட்டால் ஓடுமா? நடுவில் கரண்ட் போனால்?

அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் வருவது 230. நேராகச் செருகினால் உள்ளே இருக்கிற சுருள் மூன்றரை மடங்குக்கு மேல் மின்சக்தி இழுத்துச் சில நிமிடங்களில் கருகிவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 250 வாட் குக்கருக்கு 500 வாட் தாங்குவதாக வாங்குங்கள். அதன் விலையையும் எடையையும் பார்த்த பிறகு, இங்கேயே 230 வோல்ட் குக்கர் ஒன்று வாங்குவது மேல் என்று உங்களுக்கே தோன்றலாம்.

கரண்ட் போகும்போது நீங்கள் வீட்டில் இருந்தால் உடனே எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, கேஸ் அடுப்பில் வேகவைத்து முடித்துவிடுங்கள். வெந்து முடிந்த பிறகு போனதென்றால் இரண்டு மணி நேரம் வரை பயமில்லை. வெளியே போயிருந்து, எப்போது போனது, எவ்வளவு நேரம் போனது என்றே தெரியவில்லை என்றால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் சாப்பிடாதீர்கள்.

கோவை வாசகி: மிச்சத்தை மறுநாள் ஸ்லோ குக்கரிலேயே சுடவைக்கலாமா?

வேண்டாம், சூடு ஏற வெகு நேரமாகும். இரவே அகலமான டப்பாவில் மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், 3 நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். மறுநாள் பாஸ்தா சாஸையெல்லாம் குடித்து இறுகியிருக்கும். வாணலியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கிற வரை கிளறுங்கள். குக்கரின் பீங்கான் பாத்திரத்தை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் சூடான அடிப்பாகத்தில் பொருத்தாதீர்கள், விரிசல் விட்டுவிடும். கழுவும்போதும் ஆறின பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.