டொக்டர் சொன்னார் என்று குளிசையைக் குறைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. நீண்டகாலமாகச் சலரோகம். மெற்போமின், கிளிக்கிளசைட், கொலஸ்ரோலுக்கு அற்றோவஸ்ரற்றின் எடுக்கிறா. யூரியூப்பில் பேர்போன ஒரு டொக்டர் மஞ்சள், மிளகு, பாகற்காய்ச் சாறு சேர்ந்த கப்சூலைப் பற்றிக் கதைத்ததைப் பார்த்துவிட்டு, கனடாவில் இருக்கும் அண்ணாவிடம் சொல்லி நாலு போத்தல் எடுப்பித்துவிட்டா. இனிக் கிளினிக் குளிசையைப் பாதியாக்கப் போகிறாவாம். "அவ்வளவு பெரிய டொக்டர் பொய் சொல்லுவாரோ?" என்று கேட்கிறா. என்ன சொல்லுவது?
வாசகி, கொக்குவில்

பதில்: அன்புச் சகோதரிக்கு, கப்சூலைப் பிறகு பார்ப்போம். குளிசையை அம்மா தன்பாட்டில் குறைக்க விடாதீர்கள். குறைத்த முதல் சில நாட்களில் உடம்பில் ஒன்றும் தெரியாது. சீனி 250, 300 என்று ஏறிய பிறகும் பலருக்குத் தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும்தான் தெரியும். அதையும் வெக்கையால் வந்தது என்று விட்டுவிடுவார்கள்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் மெஹ்மெற் ஓஸ் உண்மையாகவே இதய சத்திரசிகிச்சை நிபுணர். 2012இல் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பச்சைக் கோப்பிக்கொட்டைச் சாறு எடையைக் குறைக்கும் என்று புகழ்ந்தார். சனம் அள்ளிக்கொண்டு போனது. ஆதாரமாகக் காட்டிய ஆய்வு இந்தியாவில் வெறும் 16 பேரில் நடந்தது. காசு கொடுத்தது அந்தச் சாற்றை விற்ற நிறுவனம். பங்கெடுத்தவர்களின் எடைக் கணக்கையே மாற்றியிருக்கிறார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்ட, 2014இல் நிறுவனம் 35 இலட்சம் டொலர் கட்ட உடன்பட்டது. அதே ஆண்டு கட்டுரையும் மீளப்பெறப்பட்டது. பொய் சொல்லும் எண்ணமே இல்லாத டொக்டரும் இப்படிப் பிழையான சரக்கைப் புகழலாம். அதனால் எத்தனை பேரில் சோதித்தார்கள், யாருடைய காசு என்று கேட்கவேண்டும். மீன்குழம்புக்குப் போடும் கொறக்காயும் எடை குறைக்கும் கப்சூலாக வந்ததுதான். 1998இல் வெளியான ஆய்வொன்றில் 135 பேரில் 12 கிழமை சோதித்தார்கள். மருந்தில்லாத வெறும் கப்சூல் விழுங்கியவர்களைவிட மற்றவர்களுக்கு எடை கூடுதலாகக் குறையவில்லை.

அம்மா பார்த்த வீடியோவில் இருப்பது உண்மையில் அந்த டொக்டர்தானா என்றும் பாருங்கள். முகத்தையும் குரலையும் கணினியில் போலியாகச் செய்த விளம்பரங்கள் இப்போது நிறைய. அவருடைய சொந்தச் சனலில் அதே வீடியோ இல்லையென்றால் நம்பவேண்டாம்.

இனிப் போத்தல். "மஞ்சள்தானே, கறிக்குப் போடுகிறதுதானே" என்று அம்மா சொல்லுவார். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் ஏறக்குறைய 3 கிராம். அதில் மஞ்சளின் சத்தான குர்க்குமின் 3 வீதமளவில், அதாவது 90 மில்லிகிராம். 500 மில்லிகிராம் கப்சூலில் 95 வீதம் என்று போட்டிருந்தால் 475 மில்லிகிராம். ஒரு கப்சூலிலேயே ஐந்து தேக்கரண்டிக்கு மேல் வருகிறது. அதோடு மிளகுச் சத்தான பிப்பரின் சேர்ந்தால் குர்க்குமின் இரத்தத்துக்குள் பல மடங்கு கூடப் போகும். மருந்துகளை உடைக்கும் நொதியங்களையும் பிப்பரின் தடுக்கும் என்பதால் வேறு குளிசைகளின் அளவும் இரத்தத்தில் ஏறலாம். இப்படிச் செறிவாக்கிய மஞ்சளால் ஈரல் பழுதானவர்களைப் பற்றி மருத்துவப் பதிவுகள் உண்டு. பெரும்பாலும் தொடங்கி ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள். அற்றோவஸ்ரற்றினும் சிலவேளை ஈரலைத் தாக்கும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் எது செய்தது என்று பிரிப்பது கஷ்டம்.

லேபிளில் "கலவை" என்று மொத்த எடையை மட்டும் போட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லாத போத்தலை ஒதுக்குங்கள். கனடாவில் சட்டப்படி விற்கும் மூலிகைப் பொருளில் "என்.பி.என்" என்ற எட்டு இலக்க எண் இருக்கும். அதை அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களத்தின் இணையப் பட்டியலில் தட்டிப் பார்க்க அண்ணாவிடம் சொல்லுங்கள். ஆனால் எண் இருந்தால் சலரோகத்தை மாற்றும் என்று அர்த்தமில்லை. பாரம்பரியப் பாவனையை வைத்தும் அனுமதி கொடுப்பார்கள்.

எங்களுக்கு மிகப் பயமான இடம் வேறு. கப்சூல் தொடங்கி ஒரு கிழமையில் காலைச் சீனி 180இலிருந்து 90க்கு விழுந்தால் சந்தோசப்படவேண்டாம். பாகற்காய்ச் சாறு அப்படி இறக்காது. மூலிகை என்று விற்ற பொருட்களுக்குள் கிளிபென்கிளமைட் என்ற சலரோக மருந்தை ஒளித்துக் கலந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அது கிளிக்கிளசைட்டின் இனம். இரண்டும் சேர்ந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே சீனியைப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, ஏறினதும் சாப்பாடு கொடுக்கவேண்டும். நினைவு தப்பினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 அம்புலன்சை அழையுங்கள். இந்த மருந்துகளின் வேலை மணிக்கணக்காக நீளும். ஒருதரம் ஏறியது பிறகும் இறங்கும்.

ஆகவே கிளினிக்கில் காட்டும் வரை கப்சூலைத் தொடங்கவேண்டாம். தொடங்கிவிட்டால் நிறுத்தி, கண் மஞ்சள், கடும் நிறச் சிறுநீர், பசியின்மை, அரிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் காத்திராமல் ஈரல் பரிசோதனை செய்யவேண்டும். அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியோடு போத்தலையும் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். ஏசுவார்கள் என்று ஒளிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

அம்மாவுக்கு மூலிகை வைத்தியத்தில் பிடிப்பு என்றால் அதை அவமதிக்காதீர்கள். கைதடி சித்த போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், எடுக்கும் குளிசை எல்லாவற்றையும் சொல்லுங்கள். அங்கே நாடி பிடித்துப் பார்க்கிறவருக்கு முன்னால் அம்மா இருப்பார்; வீடியோவில் கதைத்தவர் அம்மாவைக் கண்டதே இல்லை.

அண்ணா அடுத்தமுறை காசு செலவழிக்க விரும்பினால் சீனி பார்க்கும் மெசினும் அதே மெசினுக்குரிய ஸ்ரிப்பும் அனுப்பட்டும். ஸ்ரிப் பெட்டியின் காலாவதித் திகதியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.