தியானத்தில் உட்கார்ந்தால் மனம் அலைகிறதே, சரியாகத்தான் செய்கிறேனா?

அலையட்டும். எண்ணமே வராமல் இருப்பதுதான் தியானம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! மூச்சைக் கவனிக்கிறீர்கள், நடுவில் மனம் இஎம்ஐ பக்கம் போய்விடுகிறது, போனது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புகிறீர்கள். அந்தத் திரும்புதல்தான் பயிற்சியே. 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய மனஅழுத்தக் குறைப்புப் பயிற்சிக்கும் இதுதான் அடிப்படை.

சேலத்துக்காரர் என்றால் ஏற்காட்டுக்கு பைக்கில் போயிருப்பீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு. அங்கே கியர் குறைக்கும்போது நேற்றைய சண்டை நினைவுக்கு வராது. நிகழ்காலத்தில் இருப்பது கிட்டத்தட்ட அதுதான். என்ன, அங்கே பயம் பிடித்து வைக்கிறது. வீட்டில் நீங்களாகவே மனதை அப்படி நிறுத்த வேண்டும். அதற்காக நாளையை நினைக்கவே கூடாது என்றில்லை; திட்டம் போடலாம், தப்பில்லை.

அப்புறம், கண்ணை மூடினால் பதற்றம் கூடுகிறவர்கள் ஏற்காடு அண்ணா பூங்காவில் மெல்ல நடந்து, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம். கோடை விழா சமயத்தில் வேண்டாம், கூட்டம் தாங்காது.